பப்ஸ் பெட்டியில் எல்.இ.டி போட்ட கதை

எங்கள் மின்பணியாளர் சங்கத்தின் ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று செயலாளர் தம்பி வீடு தேடி வந்து கேட்டார். தலைப்பையும் அவரே கையோடு கொண்டு வந்திருந்தார். 'பழைய ஹாலஜன் விளக்குகளைக் கழற்றிவிட்டு அதே கூட்டில் எல்.இ.டி பொருத்துவது எப்படி?' ஹாலஜன் பல்பு இப்போதெல்லாம் கடையில் கேட்டால் மேலும் கீழும் பார்க்கிறார்கள். துணிக்கடை, மண்டபம், கிளினிக் என்று எல்லா இடத்திலும் மாற்றித் தரச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். புதிதாக வந்த ஆட்கள் தடுமாறுகிறார்கள். "நீங்க இதுல பெரிய அனுபவசாலிண்ணே" என்றார் தம்பி.

நான் ஓய்வு பெற்று ஒன்றரை வருடம் ஆகிறது. முழங்கால் ஏணி ஏற மறுத்ததால் வந்த ஓய்வு. அறிவு முற்றியதால் வந்தது அல்ல. தம்பி அனுபவம் என்று சொன்னதெல்லாம் நான் செய்த தப்புகள்தான் என்பது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. அதில் ஒரு தப்பால், இருபது வருடம் ஒரே கடையில் உழைத்த ஒரு மனிதரின் வேலை போகப் பார்த்தது. எனவே எல்.இ.டி பொருத்துவது எப்படி என்று பாதியும், பொருத்திய பிறகு என்ன ஆனது என்று மீதியும் எழுதுகிறேன். பக்கம் போதாவிட்டால் சங்கம் முதல் பாதியை வெட்டிக்கொள்ளலாம்.

ஐ.டி.ஐ.யில் இரண்டு வருடம் படித்தேன். முதல் வருடம் கரண்ட் என்றால் என்ன என்று வாத்தியார் சொன்னார். இரண்டாவது வருடம் கரண்டே சொன்னது. வெளியே வந்ததும் புதுக்கோட்டையில் ஒயரிங் ஒப்பந்தம் எடுக்கும் கணேசமூர்த்தி சாரிடம் சேர்ந்தேன். கடைசிவரை அவரிடமேதான் இருந்தேன். விசுவாசம் என்று பிரிவுபசார விழாவில் பேசினார்கள். வேறு யாரும் கூப்பிடவில்லை என்பதை அங்கே சொல்ல வாய்ப்புக் கிடைக்கவில்லை.

சாரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஒல்லியான ஆள். வெள்ளைச் சட்டையின் பையில் டெஸ்டரைப் பேனா மாதிரி குத்தியிருப்பார். சத்தம் போட்டுப் பேசி யாரும் கேட்டதில்லை. கோபம் வந்தால் மரியாதை கூடும், அவ்வளவுதான். "வாடா ரெத்தினம்" என்றால் எல்லாம் நலம். "வாப்பா" என்றால் ஏதோ ஒன்று சரியில்லை. "வாங்க ரெத்தினம்" என்றால் அன்றைக்கு மதியச் சாப்பாடு இறங்காது. ஒரே ஒருமுறை, கந்தர்வக்கோட்டையில் ஒரு முந்திரி உடைக்கும் ஆலையில் நியூட்ரல் ஒயரையும் பேஸ் ஒயரையும் மாற்றிக் கொடுத்தபோது, "ரெத்தினம் ஐயா அவர்களே, தாங்கள் சற்று வெளியே நில்லுங்கள்" என்றார். நான் பஸ் ஏறி ஊருக்கே போய்விட்டேன்.

அவரிடம் இரண்டு பழக்கங்கள். எதையும் புறங்கையால் தொட்டுப் பார்ப்பார். உள்ளங்கையால் தொட்டால் கரண்ட் இழுத்துப் பிடித்துக்கொள்ளும், புறங்கை என்றால் உதறிவிடும் என்பது தொழிலில் உள்ள எல்லோருக்கும் தெரியும். சார் அதைச் சூட்டுக்கும் வைத்திருந்தார். சுவிட்சுப் பலகை, ஒயர், டிரான்ஸ்பார்மர், பல்பின் கூடு எல்லாவற்றையும் புறங்கையால் தடவி, "சூடு வருதுன்னா எங்கயோ தப்பு நடக்குதுன்னு அர்த்தம்" என்பார். இன்னொன்று, வேலை முடிந்ததும் கிளம்ப விடமாட்டார். அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்து, போட்ட விளக்கைப் பார்த்துக்கொண்டே டீ குடிக்க வேண்டும். நாம் போன பிறகு கெட்டுப்போவது நம் கண்ணெதிரே கெட்டுப்போகட்டும் என்பது அவர் கணக்கு.

ஹாலஜன் ஊருக்குள் வந்த காலத்தில் அதைப் பொருத்தியவனும் நான்தான். பன்னிரண்டு வோல்ட்டில் எரியும் குட்டிப் பல்பு, கண்ணாடிக் கிண்ணத்துக்குள் உட்கார்ந்திருக்கும். மேலே கூரைக்குள் ஒரு டிரான்ஸ்பார்மர் பெட்டி. உள்ளே இருக்கும் சின்னக் குமிழை வெறும் விரலால் தொடக்கூடாது. விரலில் உள்ள எண்ணெய்ப் பசை சூட்டில் வெந்து, குமிழ் வெடித்துவிடும். நான் ஒரு நகைக்கடையில் உளுந்து வடை தின்ற கையோடு எட்டுப் பல்பு மாட்டினேன். எட்டும் ஒரு வாரத்துக்குள் போயின. பல்புக் கம்பெனிக்காரன் மோசம் என்று கடைக்காரரிடம் சொன்னேன். அவரும் நம்பினார். இத்தனை வருடம் கழித்து அந்தக் கம்பெனியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

பிறகு எல்.இ.டி வந்தது. அதே கூட்டில், அதே இரண்டு முள் துளையில் அப்படியே குத்தலாம் என்று அட்டைப்பெட்டியில் போட்டிருந்தது. அறந்தாங்கியில் ஒரு துணிக்கடையில் நாற்பது ஹாலஜனைக் கழற்றி நாற்பது எல்.இ.டியைக் குத்தினேன். ஒன்றரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. இவ்வளவு சுலபமான தொழிலுக்கா இரண்டு வருடம் படித்தோம் என்று நினைத்தபடி சுவிட்சைப் போட்டேன்.

நாற்பதும் படபடவென்று கண்ணடித்தன. பட்டுப்புடவைப் பக்கம் ஒரு தாளத்தில், வேட்டிப் பக்கம் வேறு தாளத்தில். சேலை பார்க்க வந்த ஒரு அம்மா, "இங்கிட்டு என்னய்யா கரகாட்டமா நடக்குது?" என்று கேட்டுவிட்டு எதிர்க்கடைக்குப் போனார்.

சார் வந்தார். கூரைக்குள்ளிருந்து ஒரு டிரான்ஸ்பார்மரை இறக்கச் சொன்னார். அதன் முதுகைக் காட்டி, "படிங்க ரெத்தினம்" என்றார்.

"நூத்தி அஞ்சு வாட்ஸ் சார்."

"அதுக்கு முன்னால ஒரு நம்பர் இருக்குங்களே."

இருந்தது. முப்பத்தைந்து முதல் நூற்றைந்து வரை என்று போட்டிருந்தது. வாழ்நாள் முழுக்க நான் பெரிய எண்ணை மட்டுமே படித்துவந்திருக்கிறேன். அதற்கு மேல் போகக்கூடாது என்பதுதான் நமக்குச் சொல்லிக் கொடுத்தது. அதற்குக் கீழேயும் போகக்கூடாது என்று ஒரு பெட்டி சொல்லும் என்று நான் நினைக்கவில்லை. ஐம்பது வாட் பல்பு இரண்டு எரிந்த இடத்தில் ஆறு வாட் பல்பு இரண்டு மாட்டினால் மொத்தம் பன்னிரண்டு. கல்யாண வீட்டுக்கு அண்டாவில் சமைக்கிற சமையல்காரரிடம் ஒரே ஒரு டம்ளர் ரசம் கேட்டது போலத்தான். அடுப்பைப் பற்ற வைப்பார், அணைப்பார், பற்ற வைப்பார், அணைப்பார்.

எனக்கு ஒரு யோசனை தோன்றியது. ஒவ்வொரு டிரான்ஸ்பார்மரிலும் ஒரு பழைய ஹாலஜனை விட்டுவைத்தால் பாரம் சரியாகிவிடும், மற்றது கண்ணடிக்காது. சாரிடம் சொன்னேன். "மிக்க நல்ல யோசனைங்க. அது பியூஸ் போன அன்னைக்கு மறுபடியும் கரகாட்டம் ஆரம்பிக்கும். தாங்களே வந்து ஆடுவீங்களா?" என்றார். மறுநாள் பூரா எல்லா டிரான்ஸ்பார்மரையும் மாற்றிக்கொண்டு கூரைக்குள் படுத்துக் கிடந்தேன்.

தம்பிகள் இங்கே கவனிக்கவும். மெயினை அணைத்து பியூஸைப் பிடுங்கினால் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். பக்கத்தில் வைத்தால் யாராவது நல்ல மனதோடு மாட்டிவிடுவார்கள். பழைய டிரான்ஸ்பார்மரை எடுத்துவிட்டு, எல்.இ.டிக்கென்றே வரும், டிரைவர் என்கிற சின்னப் பெட்டியைப் போடுங்கள். ஒளியைக் கூட்டிக் குறைக்கும் பழைய ரெகுலேட்டர் இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். எல்.இ.டி முன்பக்கம் சுடாது, பின்பக்கம் சுடும். கூட்டுக்குப் பின்னால் காற்றுப் போக இடம் விடுங்கள், இல்லாவிட்டால் அது வெந்து சாகும். கடைசியாக, 'இதில் ஹாலஜன் மாட்டக்கூடாது' என்று ஒரு துண்டுச் சீட்டு எழுதி டிரைவர்மீது ஒட்டுங்கள். நமக்குப் பிறகு வருகிறவன் நம்மைப்போலவே இருப்பான்.

சங்கம் கேட்ட கட்டுரை இத்துடன் முடிந்தது.

இனி பப்ஸ்.

புதுக்கோட்டை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பேக்கரி. முதலாளி சேகர். கல்லாவில் அவர் மனைவி தனலெட்சுமி. உள்ளே அடுப்படியில் ஜமால் பாய். கோட்டைப்பட்டினத்துக்காரர். அவர் வீட்டில் எல்லோரும் கடலுக்குப் போக, இவர் ஒருவர் மட்டும் மாவுக்கு வந்தவர். "படகுல ஏறுனா வாந்திண்ணே" என்பார் காரணம் கேட்டால். இருபது வருடமாக அந்தக் கடையின் முட்டை பப்ஸ் அவர் கையால்தான். கடித்தால் எதிரில் உட்கார்ந்திருப்பவருக்குக் கேட்கும். பத்து மணி பஸ்ஸைப் பிடிக்க வருகிற ஆபீஸ் ஆட்கள் அதற்காகவே ஒன்பதே முக்காலுக்கு வருவார்கள். வாத்தியார் ஒருவர் தினமும் ஒன்று தின்றுவிட்டு, ஒன்றைப் பொட்டலம் கட்டிக்கொண்டு போவார்.

பப்ஸ் இருப்பது வாசலைப் பார்த்த கண்ணாடிப் பெட்டியில். அதற்குள் மேல்பக்கம் நான்கு ஹாலஜன். அதையும் பல வருடங்களுக்கு முன்னால் நான்தான் போட்டேன். வடை தின்னாமல் போட்டதால் நன்றாக உழைத்தன. ஆனால் இப்போது ஒன்று போனால் இன்னொன்று கிடைப்பதில்லை. அதோடு கண்ணாடி கொதிக்கிறது, தெரியாமல் கை வைத்த குழந்தை அழுதது என்று சேகர் மாற்றச் சொன்னார்.

அந்த வேலையைப்போல நான் எந்த வேலையையும் சுத்தமாகச் செய்ததில்லை. பியூஸ் சட்டைப் பையில். டிரைவரின் சின்ன எண்ணையும் பெரிய எண்ணையும் படித்தேன், இரண்டு தடவை. வெள்ளை வெளேர் என்று அடிக்கிற பல்பைப் போட்டால் பப்ஸ் நோயாளி மாதிரி தெரியும் என்று இளமஞ்சள் பல்பாகத் தேடி வாங்கினேன். காற்றோட்டம் விட்டேன். சீட்டு ஒட்டினேன். சுவிட்சைப் போட்டதும் தட்டில் இருந்த பப்ஸ் எல்லாம் தங்கத்தில் வார்த்ததுபோல மின்னியது. சார் வந்து அரை மணி நேரம் உட்கார்ந்து டீ குடித்தார், பப்ஸும் தின்றார். எழுந்து புறங்கையால் கண்ணாடியைத் தொட்டார். "நல்லா இருக்குடா" என்றார். முப்பது வருடத்தில் மூன்றாவது தடவை.

நான் சேகரைக் கூப்பிட்டு, "தொட்டுப் பாருங்க மொதலாளி, ஐஸு மாதிரி!" என்றேன்.

இந்த வாசகத்தை யாராவது கல்வெட்டில் வெட்டினால் எனக்கு ஆட்சேபணை இல்லை.

இரண்டு மூன்று வாரம் வேறு ஊர் வேலை. நடுவில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. திரும்பி வந்து ஒருநாள் பதினோரு மணிக்குப் பேக்கரிக்குப் போனேன். பப்ஸைக் கடித்தேன். சத்தமே வரவில்லை. ஈரத்துணியைக் கடித்த மாதிரி இழுத்தது.

உள்ளே சேகர் ஜமால் பாயைத் திட்டிக்கொண்டிருந்தார். "டால்டாவ மாத்துனீங்களா? மைதாவ மாத்துனீங்களா? இல்ல கையே போச்சா? நெதமும் பத்துப் பேரு திருப்பிக் குடுத்துட்டுப் போறான் பாய். நான் என்னன்னு பதில் சொல்ல?"

"எதையுமே மாத்தலங்க" என்றார் பாய். "மழைக் காத்துங்க."

"போன வருசம் மழை பேயலயா? அப்ப மொறுமொறுன்னுதான இருந்துச்சு?"

பாய் மாவு அப்பிய கையைத் தூக்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது நான் செய்த காரியத்தை மறைக்க மாட்டேன். உள்ளே போய், பாய் தோளில் கை போட்டு அறிவுரை சொன்னேன். "பாய், மடிப்புல காத்துப் போவுதோ என்னமோ. மாவ இன்னும் கொஞ்சம் நேரம் ஊற விட்டுப் பாருங்க. வயசாவுதுல்ல, கையில அழுத்தம் கொறஞ்சிருக்கும்." மாவு பிசைவதில் என் தகுதி, வீட்டில் சப்பாத்திக்கு உருண்டை பிடிக்கச் சொன்னபோது ஒயர் மாதிரி திரித்தவன் என்பதுதான். பாய் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். "அப்படியும் செஞ்சு பாக்குறேண்ணே" என்றார்.

தனலெட்சுமி அம்மா கல்லாவிலிருந்து மெதுவாகச் சொன்னார்: "திருச்சியில ஒரு மாஸ்டர்ட்ட பேசியாச்சு ரெத்தினம். திங்கக்கெழம வாரான். பாய்ட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் இவரு முழிச்சுக்கிட்டுத் திரியுறாரு."

அன்று வியாழக்கிழமை.

பாதி பப்ஸோடு கவுண்டர் பக்கம் வந்து நின்றேன். அங்கே பப்ஸ் எடுத்துக் கொடுக்கிற செல்வி, பெட்டிக்குள் எலுமிச்சம்பழம் ஒன்றை வைத்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா இது?"

"கண்ணு பட்டுருச்சுண்ணே. அடுப்புலேர்ந்து வாரப்ப நல்லாத்தான் வருது, நானே தின்னு பாத்தேன். இதுக்குள்ள வச்சு ஒரு மணி நேரத்துல பொசுக்குன்னு போயிருது. முந்தியெல்லாம் இதுக்குள்ள கைய விட்டா சுடும், இடுக்கி வச்சுத்தான் எடுப்பேன். இப்ப பொணம் மாதிரி சில்லுன்னு கெடக்கு."

நான் மெல்லுவதை நிறுத்தினேன்.

நான்கு ஹாலஜன், ஒவ்வொன்றும் முப்பத்தைந்து வாட். வெளிச்சமாக வந்தது கொஞ்சம், மீதியெல்லாம் சூடு. அத்தனை வருடமும் அந்தப் பெட்டி விளக்குப் பெட்டியாக இருக்கவில்லை, அடுப்பாக இருந்திருக்கிறது. அந்தச் சூடுதான் பப்ஸில் ஈரம் ஏறவிடாமல் பார்த்துக்கொண்டது. எந்த மழையிலும் பார்த்துக்கொண்டது. அதை அங்கே வைத்தவனுக்குத் தெரியாது, வைக்கச் சொன்னவருக்குத் தெரியாது, பப்ஸ் செய்தவருக்கும் தெரியாது. ஐஸ் மாதிரி என்று நான் பெருமைப்பட்டேனே, அந்த ஐஸில்தான் பாயின் இருபது வருடமும் நமத்துக்கொண்டிருந்தது.

உடனே உள்ளே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். நான் பைக்கை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

வெள்ளிக்கிழமையும் போகவில்லை. திருச்சி மாஸ்டருக்குத் திடீரென்று காய்ச்சல் வரலாம், மழை நிற்கலாம், பாய்க்கு வேறு கடையில் கூப்பிடலாம் என்று பல நல்ல முடிவுகளை எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். யாருக்கும் தெரியாமல் போய்ப் பழைய ஹாலஜனை மாட்டிவிட்டு வந்துவிடலாமா என்றும் யோசித்தேன். கண்ணாடிப் பெட்டிக்குள் யாருக்கும் தெரியாமல் வேலை செய்வது எப்படி என்ற இடத்தில் யோசனை நின்றது. சாயங்காலம் சாரிடம் போய்ச் சொன்னேன். 'ஐயா', 'அவர்களே', 'தாங்கள்' எல்லாவற்றுக்கும் தயாராகத்தான் போனேன்.

சார் தன் புறங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நானுந்தானடா தொட்டுப் பாத்தேன்" என்றார். "சில்லுன்னு இருக்குன்னு சந்தோசப்பட்டேனே. நாளைக்குக் காலையில போயிச் சொல்லு. நானும் வாரேன்."

சனிக்கிழமை காலை போய்ச் சேகரிடம் சொன்னேன். தலையைக் குனிந்து, தொண்டையைச் செருமி, "மொதலாளி, பப்ஸ் நமத்துப்போறதுக்குப் பாய் காரணம் இல்ல. நான் போட்ட லைட்டுதான் காரணம்" என்றேன்.

சேகர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"ரெத்தினம், ஒங்க மனசு யாருக்கு வரும்? பாய் வேலை போயிரக் கூடாதுன்னு நீங்க பழியத் தூக்கி ஒங்க தலையில போட்டுக்கிறீங்க."

"இல்லீங்க, நெசமாவே நான்தான்."

"லைட்டுக்கும் பப்ஸுக்கும் என்னங்க சம்பந்தம்? அம்சமா எரியுது. அன்னைக்கு நீங்கதான தொட்டுக் காமிச்சீங்க, ஐஸு மாதிரின்னு?"

"அந்த ஐஸுதாங்க தப்பு."

"போதும் ரெத்தினம். இதுக்கு மேல பேசாதீங்க, எனக்கு அழுகை வந்துரும்."

இதற்கு முன்னால் செய்யாத நல்ல காரியங்களுக்காக யாரும் என்னைப் பாராட்டியதில்லை. செய்த தப்பை ஒத்துக்கொண்டதற்காகத் தியாகி ஆக்கப்பட்டதும் அன்றைக்குத்தான். நான் எவ்வளவு அழுத்திச் சொன்னேனோ அவ்வளவு நல்லவனாகிக்கொண்டு போனேன். ஒரு கட்டத்தில் செல்வி எனக்கு டீ போட்டுக் கொண்டு வந்து, "ஒங்கள மாதிரி நாலு பேரு இருக்கப் போயித்தாண்ணே மழையே பேயுது" என்றார். அந்த மழைதான் பாதிப் பிரச்சினை என்று நான் சொல்லவில்லை.

உள்ளே ஜமால் பாய் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அவரும் நம்பவில்லை. அதுதான் எனக்கு உறைத்தது. "விடுங்கண்ணே. எனக்காகப் பொய்யெல்லாம் சொல்லாதீங்க. என் கைதான் போச்சு. எனக்கே தெரியுது" என்றார்.

அதுவரை மூலையில் நின்றிருந்த சார் முன்னால் வந்தார். "சேகர் சார், ஒங்க எலக்ட்ரீசியன் தப்புப் பண்ணியிருக்காருங்கிறத நிரூபிக்க ஒரு அரை நாள் குடுங்க" என்றார். என் தப்பை நிரூபிக்க அவர் கெடு கேட்டது வாழ்க்கையில் அதுதான் முதல்முறை.

எதையும் தூக்கிப்போடாத புத்தி எனக்கு உண்டு. வீட்டில் அதற்காக வாங்கிக்கட்டிக்கொள்வேன். கழற்றிய நான்கு ஹாலஜனும், பழைய டிரான்ஸ்பார்மரும் என் பிஸ்கட் டின்னில் பத்திரமாக இருந்தன. அதை எடுத்து வந்தேன். கடையில் பப்ஸ் பெட்டிக்குப் பக்கத்தில் அதே அளவில் பன் அடுக்கும் இன்னொரு கண்ணாடிப் பெட்டி இருந்தது. பன்னை இறக்கிவிட்டு, கைக்குட்டையால் பிடித்து ஹாலஜனை அதில் மாட்டினேன். வடையும் தின்னவில்லை, டீயும் குடிக்கவில்லை.

ஒரே மாவு, ஒரே தட்டு, ஒரே அடுப்பில் பாய் பன்னிரண்டு பப்ஸ் எடுத்தார். ஆறு இந்தப் பெட்டியில், ஆறு அந்தப் பெட்டியில். பாயின் அடுப்புத் தெர்மாமீட்டரை வாங்கி சார் இரண்டு பெட்டியிலும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். எல்.இ.டி பெட்டியில் கடைக்குள் என்ன சூடோ அதே சூடு. ஹாலஜன் பெட்டியில் ஐம்பது டிகிரியைத் தாண்டி நின்றது. வெளியே மழை. அரை மணி நேரம் போதாதென்று சார் இரண்டு மணி நேரம் உட்காரச் சொன்னார். நான், சார், பாய், சேகர், செல்வி, தனலெட்சுமி அம்மா ஆறு பேரும் இரண்டு கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். உள்ளே வந்த வாடிக்கையாளர்கள் சாவு வீடோ என்று நினைத்துச் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார்கள்.

தீர்ப்புச் சொல்ல சேகர் தயாராக இல்லை. தனலெட்சுமி அம்மாதான் எழுந்தார். "எல்லாரும் அங்கிட்டுத் திரும்புங்க" என்று எங்களைச் சுவரைப் பார்க்க வைத்துவிட்டு, தானும் கண்ணை மூடிக்கொண்டு, செல்வியிடம் இரண்டு பெட்டியிலிருந்தும் ஒவ்வொன்று எடுத்துக் கலந்து வைக்கச் சொன்னார். தின்று பார்க்கவில்லை. காதுக்குப் பக்கத்தில் வைத்து உடைத்தார். முதலாவது சத்தமில்லாமல் கிழிந்தது. இரண்டாவது உடைந்த சத்தம் சுவரைப் பார்த்து நின்ற எனக்குக் கேட்டது.

"இது எந்தப் பெட்டி?"

"ரெத்தினண்ணன் இன்னைக்கு மாட்டுன பெட்டிம்மா" என்றார் செல்வி.

"இது?"

"ரெத்தினண்ணன் அன்னைக்கு மாட்டுன பெட்டிம்மா."

இரண்டுக்கும் நானே பொறுப்பாளி. தனலெட்சுமி அம்மா இன்னும் இரண்டு ஜோடி உடைத்துப் பார்த்தார். ஒரே முடிவு. கையைத் தட்டிவிட்டு, "என்னங்க, திருச்சிக்குப் போனைப் போடுங்க. வர வேண்டாம்னு சொல்லுங்க" என்றார் புருஷனிடம். சேகர் மழையில் நனைந்துகொண்டே வாசலுக்குப் போய்ப் போன் பேசினார். உள்ளே நின்று பேச அவருக்கு முகம் இல்லை.

பாய் அந்த மொறுமொறுப்பான பாதியை எடுத்து வாயில் போட்டார். மென்றார். முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டார். நான் பின்னாலேயே போனேன். மேடையில் கையை ஊன்றி நின்றிருந்தார்.

"பாய், மன்னிச்சிருங்க."

"இருவத்தி ரெண்டு நாளுண்ணே" என்றார் திரும்பாமலே. "ராத்திரி எந்திரிச்சு உக்காந்து கையப் பாப்பேன். என் பொண்டாட்டி எண்ணெ தேச்சு விட்டா."

நான் நின்றேன்.

"நீங்க வேற வயசாவுதுன்னீங்க."

அதற்கும் நின்றேன்.

"மொதலாளி எங்கிட்ட வருத்தப்பட்டுக்குவாரு, அது போதும். ஆனா இத்தன நாளா திருப்பிக் குடுத்துட்டுப் போனாங்களே, அவுகளுக்கெல்லாம் யாரு சொல்லுவா? பாய்க்குக் கை போச்சுன்னு ஊரெல்லாம் பேசிட்டாக."

"நான் சொல்றேன் பாய்."

"சொல்லுங்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை முதலில் வேலையை முடித்தேன். பழையபடி ஹாலஜனுக்கே போக முடியாது; அந்த நாலும் போனால் ஐந்தாவது கிடையாது. வெளிச்சத்துக்கு எல்.இ.டியையே விட்டுவிட்டு, தட்டுக்கு அடியில் தனியாக ஒரு ஹீட்டர் தகடு போட்டேன். சூடு குறைந்தால் தானே போட்டுக்கொள்ளும், ஏறினால் தானே அணைத்துக்கொள்ளும் தெர்மோஸ்டாட் ஒன்றும் வைத்தேன். மேல்கண்ணாடி சுடாதபடி தடுப்பும் கொடுத்தேன். தம்பிகள் இதையும் எழுதிக்கொள்ளவும்: ஹாலஜனைக் கழற்றும் முன் அந்த இடத்தில் இருப்பவர்களிடம் ஒரு கேள்வி கேளுங்கள், இந்தச் சூட்டை வைத்து என்ன செய்கிறீர்கள் என்று. ஒன்றுமில்லை என்பார்கள். நம்பாதீர்கள். கையை விட்டு எடுக்கிறவரைத் தேடிப் போய்க் கேளுங்கள்.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கவுண்டருக்கு முன்னால் போய் நின்றேன். வந்த ஒவ்வொருவரிடமும் சொன்னேன். "இத்தனை நாளா பப்ஸ் நல்லா இல்லாததுக்கு நான் மாட்டுன லைட்டுதாங்க காரணம். இப்ப சரி பண்ணியாச்சு."

சிலர் என்னை விளம்பரம் என்று நினைத்தார்கள். ஒருவர், "நீங்கதான் புது மாஸ்டரா?" என்றார். ஒருவர் தன் வீட்டு பேன் ஓடவில்லை, வந்து பார்க்க முடியுமா என்று கேட்டார். காலேஜ் பெண்கள் நாலு பேர் முழுசாகக் கேட்டுவிட்டு, இன்னொரு தடவை சொல்லச் சொல்லிப் போனில் படம் பிடித்துக்கொண்டார்கள். ஒன்பதே முக்காலுக்குப் பத்து மணி பஸ் கூட்டம் வந்தபோது எனக்குத் தொண்டை கட்டத் தொடங்கியிருந்தது. அந்தக் கூட்டத்தில் வாத்தியாரும் இருந்தார். அவர்தான் முதலில் திருப்பிக் கொடுத்தவர் என்று செல்வி முன்பே காதில் போட்டிருந்தார்.

வாத்தியார் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நான் சொன்னதை முழுவதும் கேட்டார். இரண்டு சந்தேகமும் கேட்டார். பிறகு, "அப்ப பாய் மேல தப்பு இல்லைங்கிறீங்க?" என்றார்.

"பாய் மேல ஒரு தப்பும் இல்லீங்க. பாயோட கை எப்பவும் இருந்த மாதிரியேதான் இருந்துச்சு. நான்தான் கெடுத்தேன்."

அடுப்படியில் மாவு தேய்க்கிற கட்டையின் சத்தம் நின்றது.

"ரெத்தினண்ணே!" என்று உள்ளேயிருந்து பாயின் குரல் வந்தது. "இன்னுங் கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க. இங்கிட்டு ஒண்ணுங் கேக்கல."

சத்தமாகச் சொன்னேன்.